வைகை கடலில் கலக்கிறதா, கண்மாயில் முடிகிறதா?

கேள்வி: வரைபடப்பிரியன்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வைகையின் வரைபடம் ஒன்று தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஆற்றின் கடைசிப் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் நிற்கிறது வேலை. "வைகை கடலில் கலக்காத நதி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது" என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்று ஆற்றங்கரை என்ற ஊரில் முகத்துவாரம் காட்டுகிறது. எதைப் போடுவது?

கூடவே இரண்டு சந்தேகம்:

1. வைகை அணையில் இருப்பது வைகைத் தண்ணீரா, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரா? இரண்டும் கலந்த பிறகு யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?
2. மேலூர்ப் பக்கம் கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடும் அதே நாளில் மதுரைக்குள் ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறதே, ஏன்?

பொத்தாம்பொதுவாக இல்லாமல் இடப்பெயர், அளவு எல்லாம் சேர்த்துச் சொன்னால் படத்தில் குறித்துக்கொள்வேன்.

---

பதில் 1: மூலவைகை

இரண்டு புள்ளியையும் போடுங்கள். பெரிய கண்மாய் வரை அழுத்தமான கோடு, அங்கிருந்து ஆற்றங்கரை வரை புள்ளிக்கோடு. நிலவரத்துக்கு நெருக்கமான படம் அதுதான்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்தில் மேகமலை, வருசநாட்டு மலைகளில் பிறப்பது மூல வைகை. அது கிழக்கே பாயாமல் முதலில் வடக்கு நோக்கி, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக இறங்குகிறது. பிள்ளைகள் படம் போடும்போது தப்பு விடுவது இங்கேதான். மலையிலிருந்து நேராக மதுரைக்கு ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். தேனி அருகே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஆறு சேரும். சுருளியாறு, அதனோடு பெரியாற்றுத் தண்ணீர், போடிப் பக்கத்துக் கொட்டகுடி ஆறு எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன. பெரியகுளம் பக்கமிருந்து வராக நதியும் வைகையில் சேரும். ஆண்டிபட்டி அருகே வைகை அணை. அணையைத் தாண்டியபின் கிழக்கே திரும்பி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பகுதியில் மஞ்சளாறு, மருதாநதி இரண்டையும் வாங்கிக்கொண்டு, தென்கிழக்காகச் சோழவந்தான், மதுரை, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று போகிறது. மொத்த நீளம் 258 கி.மீ. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டம்.

கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். கொள்ளளவு 618 மில்லியன் கன அடி. அது பெருகி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கிழக்கே வடிந்து ஆற்றங்கரையில் பாக் விரிகுடாவில் சேர்கிறது. ஊர்ப் பெயரே சாட்சி. வெள்ள வருடங்களில் ஆறு கடலுக்குப் போகிறது, மற்ற வருடங்களில் போவதில்லை, அவ்வளவுதான் விஷயம். "கலக்காத நதி" என்று எழுதுவது கேட்க அழகாக இருக்கும், பூகோளப் பாடத்துக்கு ஆகாது.

---

பதில் 2: மடைக்கணக்கு

அணைக் கணக்கை நான் சொல்கிறேன்.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. மேற்கே போய் அரபிக்கடலில் விழும் ஆற்றை மறித்து, தேக்கடியில் மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியதுதான் பென்னிகுவிக் செய்த வேலை. அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்துவிட்டு, வைரவனாறு வழியாகச் சுருளியாற்றுக்கு வருகிறது. குழாய் ஒன்றுக்கு விநாடிக்கு 400 கன அடி, நான்கும் ஓடினால் 1,600. இந்தத் தண்ணீர் முதலில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் போய், மீதம்தான் வைகை அணைக்கு வரும்.

வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. அணையின் உயரம் 111 அடி, ஆனால் தண்ணீர் தேக்கும் மட்டம் 71 அடி. செய்தியில் "71 அடி அணை" என்று வருவது இரண்டாவது எண். படத்தில் இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

அணைக்குள் தண்ணீருக்கு நிறம் கிடையாதுதான், ஆனால் பதிவேட்டில் உண்டு. பெரியாற்றிலிருந்து வந்தது எவ்வளவு, வைகையின் சொந்த வரத்து எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு. பெரியாற்றுக் கணக்கில் உள்ளது பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய்க்கு. கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர். அதன்பிறகு மேலூர்ப் பகுதி ஒருபோகம் 85,563 ஏக்கர், திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர், ஆக ஒருபோகம் 1,05,002 ஏக்கர். வைகைக் கணக்கில் உள்ளது பழைய ஆற்றுப் பாசனத்துக்கு, அதாவது பூர்வீகப் பாசனத்துக்கு.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. பேரணை இருப்பது மதுரைக்கு மேலே, நிலக்கோட்டை வட்டத்தில், அணைப்பட்டிப் பக்கம். மேலூர்த் தண்ணீர் அங்கேயே ஆற்றைவிட்டு வெளியேறி இடதுபக்கக் கால்வாயில் ஏறிவிடுகிறது. மதுரையை அது ஆற்று வழியாகத் தொடுவதே இல்லை. மதுரைக்குள் தண்ணீர் வர வேண்டுமென்றால் பூர்வீகப் பாசனத்துக்குத் திறக்க வேண்டும், குடிநீருக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ திறக்க வேண்டும், அல்லது அணைக்குக் கீழே மழை கொட்ட வேண்டும்.

பூர்வீகப் பாசனம் மூன்று பகுதி:

பகுதி 1: பேரணை முதல் விரகனூர் மதகணை (ஷட்டர் வைத்த தடுப்பணை) வரை, 27,529 ஏக்கர்
பகுதி 2: விரகனூர் முதல் பார்த்திபனூர் மதகணை வரை, 40,743 ஏக்கர்
பகுதி 3: பார்த்திபனூர் முதல் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை, 67,837 ஏக்கர்

மொத்தம் 1,36,109 ஏக்கர். வைகைப் பங்குத் தண்ணீரில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்பது விகிதம். பன்னிரண்டில் ஏழு என்றால் 58 சதவீதம். பரப்பில் கடைசிப் பகுதி ஏறக்குறையப் பாதிதான். கூடுதலாக உள்ளதை வழியில் மணல் குடிக்கும் சேதத்துக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

திறக்கும் வரிசையும் தலைகீழ்: முதலில் கடைமடையான பகுதி 3, அடுத்து 2, கடைசியில் 1. காரணம் எளிது. காய்ந்த மணலில் முதலில் விடும் தண்ணீர் பெரும்பகுதி ஊறிப்போகும். படுகை ஊறிய பிறகு விடுவதுதான் ஓடும். மேல்பகுதிக்கு முதலில் கொடுத்துவிட்டு, இடையில் நிறுத்தி, பிறகு கீழ்ப்பகுதிக்குத் திறந்தால் ஊறலுக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கும். மேலே உள்ளவர்கள் கை வைக்கும் ஆபத்தும் அதிகம்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 86,400 விநாடி × 1,000 = 86.4 மில்லியன் கன அடி. பெரிய கண்மாயின் 618-ஐ இதால் வகுத்தால் ஏழு நாளும் சில மணி நேரமும். அதுவும் கண்மாய் வாயில் முழுசாக 1,000 வந்து சேர்ந்தால். அணையில் 1,000 திறந்தால் அங்கே 1,000 சேரும் என்று நினைத்தால் கணக்கு பொய்த்துவிடும்.

---

பதில் 3: பொருநன்

வரலாற்றுப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கடலில் கலக்காததற்கு ஒரு புலவர் காரணமே சொல்லிவிட்டார். சிவபெருமானுக்கு நஞ்சு கொடுத்தது கடல், அந்தக் கடலிடம் போகமாட்டேன் என்று வைகை முகம் திருப்பிக்கொண்டதாம். புகழேந்தியின் தனிப்பாடலாகச் சொல்வார்கள். கற்பனை அபாரம். ஆனால் அதிலிருந்து ஒரு செய்தி தேறும்: அணைகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, தண்ணீர் முழுவதும் கண்மாய்களில் நின்று கடல்வரை எட்டாமல் போவது மக்கள் கண்டு பழகிய ஒன்றாக இருந்திருக்கிறது.

எனினும் முகத்துவாரம் இருந்தது உறுதி. ஆற்றங்கரையை ஒட்டி அழகன்குளம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக அங்கே அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகள், மதுச்சாடித் துண்டுகள், ரௌலட்டட் வகைப் பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு எல்லாம் கிடைத்தன. உள்நாட்டு மதுரைக்கும் கடல் வாணிபத்துக்கும் இடையே வைகைக் கரைதான் பாதை. கரை நெடுகிலும் ஊர்கள் இருந்தன என்பதற்கு இன்னொரு சான்று: 2013-14-ல் இந்தியத் தொல்லியல் துறை ஆற்றின் இரு கரையிலும் நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் குறிக்கப்பட்டன. கீழடி அவற்றில் ஒன்று. உங்கள் வரைபடத்தில் கீழடியை மதுரை மாவட்டத்துக்குள் போட்டுவிடாதீர்கள். மதுரைக்குத் தென்கிழக்கே 12, 13 கி.மீ. தூரத்தில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில் இருக்கிறது.

இலக்கியத்தில் பரிபாடல். இன்று கிடைக்கும் 22 முழுப் பாடல்களில் 8 வைகைக்கு. மலையில் மழை பெய்து புதுப்புனல் மதுரைக்கு வந்து கரையை உடைப்பதும், பறை அறைந்து ஆட்களைத் திரட்டிக் கரை அடைப்பதும் அதில் வரும். பருவ வெள்ளத்தை நம்பிய ஆறு இது என்பதற்கு அதைவிடப் பழைய பதிவு தேவையில்லை. மதகு கட்டிய செய்தி ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டிலேயே வந்துவிடுகிறது, வைகை ஆற்றுக்குள்ளிருந்தே எடுத்த கல்வெட்டு அது. கடைப்பகுதியில் சேதுபதிகள் கூத்தன் கால்வாய் போன்றவற்றை வெட்டினார்கள். மதுரையில் 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளத்துக்கும் வைகைத் தண்ணீர்தான், பனையூர்க் கால்வாய் வழியாக.

பெரியாற்றைத் திருப்பும் யோசனை ஆங்கிலேயருடையது மட்டும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். செலவு கட்டுப்படியாகவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் சென்னை அரசாங்கம் வேகம் காட்டியது. கடைமடைக்காரர்தான் முதலில் அந்த யோசனையைக் கையில் எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். இன்று அந்தப் பெரியாற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு பாய்வது மேலூரில்.

---

பதில் 4: கண்மாய்க்கரை

மேலே எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா "மணல் குடிக்குது, அதான் கடைமடைக்கு வரல"ன்னு முடிச்சிடக் கூடாது. மணல் குடிச்சாப் பரவாயில்ல, அது கிணத்துல ஊறும். இப்ப பிரச்சினையே மணல் இல்லாததுதான்.

எப்படின்னா, பழைய வரத்துக்கால்வாய் எல்லாம் ஆத்துப் படுகையோட அன்னிக்கிருந்த மட்டத்துக்கு வெட்டினது. ஆத்துல முட்டளவு தண்ணி வந்தாலே தலைமதகுக்குள்ள ஏறிடும். மணல் அள்ளி அள்ளிப் படுகை ஒரு ஆள் உசரம் இறங்கிப்போன எடத்துல போய்ப் பாருங்க: மதகோட அடிக்கல்லு வெளிய தெரியும், அதுக்குக் கீழ கட்டுமானத்தோட அஸ்திவாரமும் தெரியும், தண்ணி அதுக்கும் கீழ ஓடிக்கிட்டிருக்கும். மதகைத் திறந்து என்ன, மூடி என்ன. ஆத்துக்குக் குறுக்க மணல் மூட்டை அடுக்கித் தண்ணிய ஏத்தணும். வெள்ளம் கூடினா மூட்டை போயிடும், குறைஞ்சா ஏறாது. விரகனூர், பார்த்திபனூர் மாதிரி மதகணை இருக்கற எடத்துல ஷட்டரை இறக்கி மட்டத்தை உசத்தலாம், அங்கருந்து இடதும் வலதும் கால்வாய் பிரியுது. நடுவுல ஆத்துலருந்து நேராப் பிரியற கால்வாய்களுக்குத்தான் இந்தக் கதி.

ரெண்டாவது சீமைக்கருவேலம். கால்வாய்க்குள்ளயும் கண்மாய் உள்வாயிலயும் மண்டிக் கிடக்கும். வேர் மண்ணைப் பிடிச்சு மேடாக்கிடும். மேல வெட்டிட்டு வேரை விட்டா அடுத்த மழைக்கே தளைச்சிடும். அதனால தூரோட பேர்க்கணும். கால்வாயைத் தூர்வாரும்போது அடுத்த தப்பு ஒண்ணு நடக்கும். வாரின மண்ணை அப்படியே கரை ஓரத்துல சாய்ச்சு விடறது. ஒரு மழையில திரும்ப உள்ள வந்துடும். கரைக்கு வெளிச்சரிவுல போட்டு மட்டம் தட்டணும்.

மூணாவது, தூர்வாரறதைத் தலைமதகுலருந்து ஆரம்பிக்கணும். எல்லாரும் தங்க ஊர்க் கண்மாய்க்குப் பக்கத்துல ஆரம்பிச்சிடுவாங்க. தலைமதகு மேடா இருந்தா கீழ எவ்வளவு ஆழமா வெட்டினாலும் அது மழைத்தண்ணி நிக்கிற குட்டைதான்.

கண்மாய்ச் சங்கிலியையும் படத்துல காட்டுங்க. ஒரு கண்மாய் நிறைஞ்சா கலுங்கு (மிச்சத் தண்ணி வழியற கல்கட்டு) வழியா மறுகால் போய் அடுத்த கண்மாய்க்கு வரும். கலுங்கோட உசரம்தான் கீழ இருக்கற ஊருக்கும் மேல இருக்கற ஊருக்கும் நடுவுல ஒப்பந்தம். கலுங்கு மேல ரெண்டு வரிசை செங்கல் கூடுதலா வெச்சா மேல உள்ள கண்மாய்க்கு நாலு நாள் தண்ணி கூடும், கீழ உள்ளதுக்கு மறுகாலே போகாது. அதோட கரைக்கும் ஆபத்து. வெள்ளத்துல தண்ணி கலுங்கு வழியா வடியலன்னா கரை மேல ஏறும், மண் கரை மேல தண்ணி ஏறினா உடைப்புதான்.

கடல்ல கலக்கலன்னு பெருமைப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ள வருஷத்துல ஆத்துல தண்ணி போறப்பவே ரெண்டு பக்கமும் வறண்ட கண்மாய் இருக்கும். அப்ப ஆத்தங்கரையில கடலுக்குப் போறதும் நெசம், கண்மாய் காயறதும் நெசம்.

---

வரைபடப்பிரியன்

நன்றி. பெரிய கண்மாய் வரை கோடு, அப்புறம் புள்ளிக்கோடு என்று முடிவு செய்துவிட்டேன். பூர்வீகப் பாசனப் பகுதிகளுக்கு மூன்று நிறம் கொடுக்கிறேன். இன்னும் இரண்டு: 58 கிராமக் கால்வாய் என்பது இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப்போனால் எந்த இடங்கள், எந்த மாதம்?

---

பதில் 5: மடைக்கணக்கு

58 கிராமக் கால்வாய் தனி. அது அணையிலிருந்தே பிரிந்து உசிலம்பட்டிப் பக்கம் போவது. கால்வாயின் வாய் உயரத்தில் இருப்பதால் அணை மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் தண்ணீர் ஏறும். 71-ல் 67 என்றால், மேலே உள்ள நான்கு அடிதான் அதற்கு. மழை குறைந்த வருடங்களில் சும்மா கிடப்பது இதனால்தான். அணைக்குள் வருசநாட்டு மலைச்சரிவு மண் வந்து படிந்திருப்பதால் 71 அடிக்குத் தண்ணீர் நின்றாலும் பழைய கொள்ளளவு இராது என்பதையும் ஒரு குறிப்பாகப் போடலாம்.

மாதம்: நவம்பர் கடைசி, டிசம்பர். பெரியாற்று நீர்ப்பிடிப்புக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, வைகையின் சொந்த வரத்துக்கு அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க இரண்டாவதுதான் தோது. ஜூலையில் போனால் லோயர் கேம்பில் வெள்ளை நுரையும் பரமக்குடியில் வெள்ளை மணலும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட அதுவும் நல்லதுதான்.

ஒரே நாளில் மலையிலிருந்து கடல்வரை முடியாது, மேல்பாதி அல்லது கீழ்ப்பாதி ஒன்றை எடுங்கள். மேல்பாதி என்றால் வைகை அணை, பேரணை. பேரணையில் ஆறும் பெரியாறு பிரதானக் கால்வாயும் பிரிவதைக் கண்ணால் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்வியைப் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். கீழ்ப்பாதி என்றால் காலையில் விரகனூர், அடுத்துக் கீழடி அருங்காட்சியகம், பார்த்திபனூர் மதகணை, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க் கரை, சாயங்காலம் ஆற்றங்கரை.

கிளம்புவதற்கு முன் அணை மட்டத்தைச் செய்தியில் பாருங்கள். 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவதுக்குப் பிறகு வரும் உபரியை ஆற்றில் திறப்பார்கள். 66-ஐத் தாண்டியிருந்தாலே பிள்ளைகளை மணலுக்குள் இறக்க வேண்டாம், கரையிலிருந்தும் பாலத்திலிருந்தும் காட்டுங்கள். உள்ளூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே திறந்த தண்ணீர் வந்துவிடும். மணல் அள்ளிய பள்ளங்கள் முதலில் நிறைந்து, மேலே பார்த்தால் கணுக்கால் ஆழம் போலத்தான் தெரியும்.

---

பதில் 6: மூலவைகை

மடைக்கணக்கு சொன்னதோடு ஒன்று. மானாமதுரையிலும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். கடம் செய்யும் ஊர், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. களிமண் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் எடுப்பது. வைகைப் படுகையில் மணல் தவிர வேறென்ன வந்து படிகிறது என்பதைக் கையில் தொட்டுப் பார்க்கலாம். படத்தில் கிருதுமால் நதியையும் விட்டுவிடாதீர்கள். மதுரைக்குள் சாக்கடை என்று ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் நகரத்தின் தெற்கே ஓடித் தென்கிழக்காகப் போய்க் குண்டாற்றில் சேரும் தனி வடிகால் அது. வைகையோடு சேர்ந்தாற்போல் வரைந்தால் தப்பு.